நாள்வழிக் கணக்கில் ஒளிந்திருக்கும் நாவல்: சிறாருக்கு வரலாற்று மர்மக் கதை எழுதத் தொடங்குவோருக்கு

ஒன்பது வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள வாசகரைத் தமிழில் என்ன பெயரிட்டு அழைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. நீதிக் கதை கொடுத்தால் முகம் சுளிப்பார்கள். பெரியவர்களின் நாவலைக் கொடுத்தால் நாற்பதாம் பக்கத்தில் குப்புறக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களுக்கு மர்மம் பிடிக்கும். பழைய காலமும் பிடிக்கும், அதைப் பாடமாக நடத்தாத வரை. இரண்டையும் ஒரு புத்தகக் கடைக்குள் வைத்து எழுத வேண்டுமானால் எங்கே தொடங்குவது, எந்த வரிசையில் போவது என்பதை நான் தட்டுத் தடுமாறிக் கற்ற முறையில் சொல்கிறேன்.

என் முதல் முயற்சி தோற்றதற்கு ஒரே காரணம், குற்றத்தை முதலில் யோசித்துவிட்டுப் பிறகு அதைக் கடைக்குள் கொண்டுபோய் இறக்கியதுதான். அந்தத் திருட்டு ஒரு நகைக் கடையிலும் நடந்திருக்கலாம், மளிகைக் கடையிலும் நடந்திருக்கலாம். புத்தகக் கடையில் மட்டுமே நடக்கக்கூடிய ஒன்றைக் கண்டுபிடிக்கும் வரை எழுத உட்காராதீர்கள்.

ஆண்டைப் பிடியுங்கள்

"சுதந்திரப் போராட்டக் காலம்" என்பது ஆண்டு ஆகாது. அது அரை நூற்றாண்டு. ஒரு வருடம், முடிந்தால் ஒரு மாதம் வேண்டும். அந்த மாதத்தில் புத்தகங்களுக்கே ஏதாவது நேர்ந்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

நான் எடுத்துக்கொண்டது 1928 செப்டம்பர், சென்னை. பாரதியார் இறந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய சுதேச கீதங்களை முதலில் பர்மா அரசு தடை செய்தது. தொடர்ந்து சென்னை அரசும் செப்டம்பரில் ஆணை பிறப்பித்தது. போலீசார் பிரதிகளைப் பறிமுதல் செய்தார்கள். அக்டோபரில் சத்தியமூர்த்தி இதைச் சட்டமன்றத்தில் எழுப்பிப் பேசினார். பாட்டுப் புத்தகத்தைத் தேடிப் போலீஸ் வருகிறது என்றால் பதினொரு வயதுக்காரர் நிமிர்ந்து உட்காருவார். துப்பாக்கியைத் தேடி வந்தாலும் இவ்வளவு நிமிர மாட்டார்.

ஆண்டு கிடைத்ததும் அந்த நிகழ்ச்சியின் சட்டத்தைப் படியுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் கதையின் கடிகாரம் அங்கேதான் இருக்கிறது. அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 99-ஏ பிரிவின்படி, அரசு ஒரு நூலைப் பறிமுதலுக்குரியது என்று கெஜட்டில் அறிவிக்கலாம். அறிவித்துவிட்டால் எங்கே பிரதி இருந்தாலும் போலீசார் எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆணையை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போக 99-பி பிரிவு இரண்டு மாதம் தந்தது. இரண்டு மாதம்! கதை எப்போது முடிய வேண்டும் என்று இனி நீங்கள் மூளையைக் கசக்க வேண்டியதில்லை.

கடை ஒரு நாளில் என்னென்ன செய்கிறது?

இந்தப் படியில்தான் அதிக நாள் செலவழிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் பழைய காகித வாசனை, தூசி, மூக்குக் கண்ணாடி போட்ட கிழவர் என்று நாலு வரியில் கடையை முடித்துவிடுகிறார்கள். அது அலங்காரம். கடை எப்படிப் பிழைத்தது என்று கேளுங்கள்.

திருவல்லிக்கேணியில் பைகிராப்ட்ஸ் சாலையை ஒட்டிய சந்தில் ஒரு சின்னக் கடையைக் கற்பனை செய்தேன். (அந்தச் சாலைக்குத்தான் பின்னால் பாரதி சாலை என்று பெயர் வைத்தார்கள். கதைக்குள் இதைச் சொல்லிவிடாதீர்கள், கை துறுதுறுக்கும்.) மவுண்ட் ரோட்டில் 1844 முதல் இருக்கும் ஹிக்கின்பாதம்ஸ் போன்ற ஆங்கிலப் புத்தகக் கடை வேறு உலகம். மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளும் வேறு உலகம். என் கடை பள்ளிப் பாடநூல், பஞ்சாங்கம், பக்திப் பாடல், பெரிய எழுத்துக் கதைப் புத்தகம், சிலேட்டு, பலப்பம் விற்கும் கடை. உள்ளூர் வியாபாரம் மட்டும் போதாது. வெளியூருக்கு வி.பி.பி. பார்சல் போகும். வாங்குபவர் தபால்காரரிடம் பணம் கொடுத்துப் பார்சலை எடுத்துக்கொள்வார், அந்தப் பணம் கடைக்கு வந்து சேரும். எடுக்காவிட்டால் பார்சல் திரும்பி வரும்.

இங்கேதான் எனக்குக் கதை கிடைத்தது. 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். ரங்கூனில் தமிழர்கள் நிறைந்திருந்தார்கள். அங்கே அனுப்பிய பார்சல் ஒன்று திரும்பி வருகிறது, சென்னையில் தடை வருவதற்குச் சில நாட்களுக்கு முன்பு. வழக்கமாக வாங்குபவர், ஒருமுறைகூடப் பணம் தவறாதவர். ஏன் எடுக்கவில்லை? முதல் அத்தியாயம் அந்தப் பார்சலோடு தொடங்குகிறது. பிணம் இல்லை, கூச்சல் இல்லை. சணல் கயிறு கட்டிய ஒரு பார்சல், அதன் முடிச்சு மட்டும் கடையில் போட்ட முடிச்சு இல்லை.

உங்கள் கடைக்கும் இப்படி ஒரு நாள் முழுவதையும் எழுதிப் பாருங்கள். காலையில் யார் கதவைத் திறக்கிறார்கள், சாவி எத்தனை, கடன் யாருக்கு உண்டு, விற்காத சரக்கு எங்கே போகிறது, பைண்டிங் வேலை யாரிடம், பூச்சி வராமல் என்ன செய்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பைண்டர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், பூச்சி அண்டாமல் இருக்க. துத்தம் அதிகமானால் பசை லேசாக நீலம் பாயும். நீலம் பாய்ந்த முதுகுள்ள புத்தகங்கள் எல்லாம் ஒரே கையில் தைத்தவை என்று ஒரு குழந்தையால் கண்டுபிடிக்க முடியும். கண்ணும் பொறுமையும் இருந்தால் போதும், பூதக்கண்ணாடிகூட வேண்டாம்.

காணாமல் போனது எது?

இந்த வயது வாசகருக்குக் கொலை வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். நான் அவ்வளவு கறார் இல்லை. ஆனால் புத்தகக் கடையில் பொருள் காணாமல் போவது, அல்லது இருக்கக் கூடாத இடத்தில் இருப்பது, கொலையைவிட நன்றாக வேலை செய்கிறது.

என் கதையில் நடப்பது இது. நாள்வழிக் கணக்கின்படி காலையில் கடையில் நாற்பது பாட்டுப் புத்தகங்கள். பகல் மூன்று மணிக்குப் போலீஸ் வருகிறது. அலமாரியில் ஒன்றுகூட இல்லை. முதலாளிக்கே அதிர்ச்சி. அவர் ஒளித்துவைத்தார் என்று இன்ஸ்பெக்டர் நினைக்கிறார், முதலாளியோ உண்மையிலேயே எதுவும் அறியாதவர். ஆக இரண்டு கேள்விகள்: புத்தகங்களை எடுத்தது யார்? போலீசுக்குச் சொன்னது யார்? இரண்டுக்கும் ஒரே ஆள்தான் விடை என்று வாசகர் நினைக்க வேண்டும், அப்படி இருக்கக் கூடாது.

விடையை இங்கேயே உடைத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த படி விளங்காது. புத்தகங்கள் கடையை விட்டுப் போகவே இல்லை. மேலட்டையைக் கழற்றி, விற்காமல் தேங்கிய பஞ்சாங்கங்களின் அட்டையை ஒட்டியிருக்கிறார்கள். 1928 ஏப்ரலில் தொடங்கியது விபவ வருடம். பஞ்சாங்கத்தைச் சித்திரைக்கு முன்பே எல்லோரும் வாங்கி வைத்துவிடுவார்கள். செப்டம்பரில், அதாவது ஆவணி கடைசியில், பாதி வருடம் தீர்ந்த பஞ்சாங்கத்தை யார் தேடி வந்து வாங்குவார்கள்? ஒரே வாரத்தில் பன்னிரண்டு பேர் வாங்குகிறார்கள். அந்த வரி பேரேட்டில் எல்லோர் கண்ணெதிரிலும் இருக்கிறது. பெரியவர்கள் கூட்டுத்தொகையைத்தான் பார்த்தார்கள், குழந்தைதான் சரக்கின் பெயரைப் படித்தது.

எழுதும் வரிசை எப்போதும் பின்னாலிருந்து முன்னால். விடை, அதைக் காட்டிக்கொடுக்கும் கடைசித் தடயம், அதற்கு முந்தையது என்று ஒரு தாளில் கீழிருந்து மேலாக எழுதுங்கள். பிறகு மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். எந்த இடத்தில் குழந்தை ஊகத்தால் தப்பிக்கிறதோ அங்கே தடயம் போதவில்லை என்று பொருள்.

தடயங்களை எழுத்திலிருந்தே எடுங்கள்

தமிழில் எழுதுபவர்களுக்கு வேறு மொழிக்காரர்களுக்கு இல்லாத சில செல்வங்கள் உண்டு. அவற்றை விட்டுவிட்டு ரகசியச் சுரங்கம், கண்ணுக்குத் தெரியாத மை என்று அலைவது எனக்குப் புரியவே இல்லை.

தமிழ் எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கணக்குகளில் ஒன்றுக்கு க, இரண்டுக்கு உ, ஏழுக்கு எ, எட்டுக்கு அ போன்ற வடிவங்களே எண்கள். கால் என்ற பின்னத்துக்கு வ. "எட்டேகால் லட்சணமே" என்று ஔவையார் ஒருவரைத் திட்டியதாகச் சொல்லும் பாட்டில் கிண்டலே இதுதான்: எட்டு அ, கால் வ, சேர்த்தால் அவலட்சணம். என் கதையில் கணக்குப் பேரேட்டின் ஓரத்தில் பென்சிலால் "அவ" என்று எழுதியிருக்கிறது. அதை "அவ" என்று படித்துக் காட்டக் கேட்ட கடைப் பையன், ஒரு பெண்ணைச் சுட்டுவதாக நினைத்துக்கொண்டு இரண்டு அத்தியாயம் முழுக்க முதலாளியின் தங்கையைச் சந்தேகிக்கிறான். பிறகுதான் தெரிகிறது, அது எட்டேகால் ரூபாய். எட்டு ரூபாய் நாலணா. யாருக்கோ கொடுத்த கூலி. நானே எழுதி நானே மகிழ்ந்துபோன ஒரே இடம் அது.

அச்சுத் தொழிலிலும் இப்படிப் பல உண்டு. புத்தகம் பாரம் பாரமாக, அதாவது மடித்துத் தைக்கும் பெரிய தாள்களாக, பெரும்பாலும் பதினாறு பக்கக் கணக்கில் அச்சாகும். ஒவ்வொரு பாரத்தின் முதல் பக்க அடியிலும் பாரத்தின் எண் சிறிதாக இருக்கும், பைண்டர் வரிசை மாற்றித் தைத்துவிடாமல் இருக்க. அட்டையை மாற்றலாம், பாரத்தின் எண் மாறாது. ஈய எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி இருக்கும், அச்சுக்கோப்பவர் அதைத் தலைகீழாக வைத்தே சரளமாகப் படிப்பார். 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு நூலிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருந்தாக வேண்டும். இல்லாத புத்தகம் ஒன்று கடைக்கு வந்தால் அது தானாகவே ஒரு மர்மம்.

உங்கள் கதை இரண்டு காலங்களில் நடந்தால், அதாவது இன்றைய குழந்தை ஒரு பழைய கடிதத்தைக் கண்டெடுப்பதாக இருந்தால், இன்னொரு பரிசு காத்திருக்கிறது. ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலிய 13 எழுத்துகளின் வடிவை 1978இல் தமிழக அரசு மாற்றியது. பெரியார் தம் பத்திரிகையில் 1930களிலேயே புதிய வடிவங்களைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார் என்றாலும், 1928இல் ஒரு குடும்பத் தலைவர் எழுதிய கடிதத்தில் இன்றைய "லை" இருந்தால் அது பொய்க் கடிதம். பாட்டியிடம் கேட்டாலே தும்பிக்கை போட்ட லையை வரைந்து காட்டுவார். கதையில் அந்தப் பாட்டியையும் வையுங்கள்.

பஞ்சாங்கம் இன்னொரு வேலையும் செய்கிறது. ஒரு சாட்சி, "12ஆம் தேதி இரவு நிலா வெளிச்சத்தில் அந்த ஆளைப் பார்த்தேன்" என்கிறார். 1928 செப்டம்பரில் அமாவாசை 14ஆம் தேதியை ஒட்டி வந்தது. நிலா ஏது? ஆபிரகாம் லிங்கன் வழக்கறிஞராக இருந்தபோது 1858இல் ஒரு சாட்சியை இப்படித்தான் பஞ்சாங்கம் போன்றதொரு நூலைக் காட்டி மடக்கினார். பழைய உத்தி என்று தயங்காதீர்கள், பத்து வயதில் எல்லாமே முதல் முறைதான்.

துப்பறியும் குழந்தைக்கு எவ்வளவு தூரம் போக அனுமதி?

இங்கே நேர்மை வேண்டும். இன்றைய பிள்ளைக்கு வேட்டியும் பாவாடையும் உடுத்தி 1928க்கு அனுப்பிவிடுகிற நாவல்கள் நிறைய. அன்று சிறுமியரின் திருமண வயதைப் பதினான்கு என்று வகுத்த சாரதா சட்டம் 1929இல்தான் நிறைவேறியது, 1930இல் நடைமுறைக்கு வந்தது. 1928இல் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி கதையில் வந்தால், அவளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருப்பது மிகவும் சாத்தியம். அவள் மாலையில் தனியாகத் தெருவில் துப்பறியப் போக முடியாது. கடைப் பையனால் எங்கும் போக முடியும், ஆனால் அவனுக்குப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். எல்லா வீட்டு வாசலும் அவனுக்குத் திறக்காமலும் இருக்கலாம், ஏன் என்பதை அந்தச் சாதிக் கணக்கு சொல்லும்.

இதைத் தடையாக நினைக்காதீர்கள். நான் இருவரையும் வைத்துக்கொண்டேன். முதலாளியின் மகள் படிப்பாள், வெளியே போக மாட்டாள். பையன் போவான், படிக்க மாட்டான். பார்த்ததை அவன் சொல்ல, எழுதியிருப்பதை அவள் படித்துக் காட்ட, மர்மம் இருவருக்கும் நடுவில்தான் அவிழ முடியும். அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டான், "சின்னம்மா" என்பான். அவள் அவனை "டேய்" என்பாள். பத்தாம் அத்தியாயத்தில் அவள் அந்த "டேய்"யை விடுகிற இடத்தை விளக்கம் எதுவும் சொல்லாமல் கடந்துவிடுங்கள்.

பெரியவர்கள் முட்டாள்களாக இருக்கக் கூடாது, வேறு வேலையில் இருக்க வேண்டும். இன்ஸ்பெக்டரும்தான். அவரை மீசை முறுக்கும் வில்லன் ஆக்கினால் கதை சப்பென்று போய்விடும். என் இன்ஸ்பெக்டருக்கு அந்தப் பாட்டுகளில் ஒன்று மனப்பாடம்.

தகவல் எங்கே கிடைக்கும்?

சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எழும்பூரில் கன்னிமாரா நூலகம், தமிழ்நாடு ஆவணக் காப்பகம் ஆகியவற்றுக்கு நேரில் போகலாம். வீட்டிலிருந்தே பார்க்கத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. கட்டுரைகளைவிட விளம்பரங்களைப் படியுங்கள். 1926இல் தொடங்கிய ஆனந்த விகடனின் ஆரம்ப இதழ்கள், சுதேசமித்திரன் பக்கங்கள் ஆகியவற்றில் மருந்து, கடிகாரம், புத்தகம் என்ன விலைக்கு விற்றது என்று இருக்கும். அக்காலத்தில் அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிட்ட நூல் பட்டியல்களில் ஒவ்வொரு புத்தகத்தின் பக்க எண்ணிக்கை, அச்சிட்ட பிரதிகள், விலை எல்லாம் உண்டு. கடை அலமாரியை அதை வைத்தே நிரப்பிவிடலாம்.

காசுக் கணக்கை மறந்துவிடாதீர்கள்: ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி.

நான் மாட்டிக்கொண்ட இடத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் வரைவில் பக்கத்து ஹோட்டலில் ரேடியோ பாடியது. படித்துப் பார்த்த ஒரு முதியவர் அந்த வரியின் கீழே சிவப்பு மையால் கோடு போட்டுத் திருப்பித் தந்தார். சென்னையில் 1924இல் ஒரு சங்கம் வானொலி ஒலிபரப்பைத் தொடங்கி 1927இல் நிறுத்திவிட்டது. மாநகராட்சி மறுபடி தொடங்கியது 1930இல். நான் பிடித்த 1928 சரியாக அந்த இடைவெளியில் விழுந்திருக்கிறது. அதேபோல, தமிழ் பேசும் படம் 1931இல்தான் வந்தது, அதனால் என் பையன் கொட்டகையில் பார்ப்பது ஊமைப்படம். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓடியதும் 1931இல். ஆனால் மின்சார டிராம் 1895 முதலே உண்டு, துரத்தும் காட்சியை அதில் வைத்துக்கொள்ளுங்கள். நாள், கிழமையையும் சரிபாருங்கள்: 1928 செப்டம்பர் 1 சனிக்கிழமை.

நடை

சேகரித்ததில் பத்தில் ஒரு பங்குதான் பக்கத்துக்கு வர வேண்டும். "தம்பிடி என்பது அந்தக் காலத்து நாணயம்" என்று கதைசொல்லி விளக்கத் தொடங்கினால் குழந்தை வகுப்பறைக்கு வந்துவிட்டதாக நினைக்கும். பையன் மூன்று தம்பிடிக்கு என்ன வாங்க முடியாமல் திரும்புகிறான் என்று காட்டினால் போதும். பழைய மணிப்பிரவாளத்தை, அதாவது வடமொழி கலந்த தமிழை, உரையாடலில் கொட்டாதீர்கள். ஒரு கடிதத்தின் தலைப்பில், ஒரு போலீஸ் அறிக்கையில், இரண்டு வரி போதும். அத்தியாயம் எட்டுப் பக்கத்துக்குள் இருக்கட்டும். ஒவ்வொன்றின் கடைசியிலும் யாராவது அலறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை, கேள்வி ஒன்று மிஞ்சினால் போதும்.

குழந்தைகளிடம் கொடுங்கள்

வரைவு முடிந்ததும் எழுத்தாள நண்பர்களிடம் கொடுக்காதீர்கள், பாராட்டிவிடுவார்கள். அந்த வயதுப் பிள்ளைகள் நாலைந்து பேரிடம் ஆளுக்கொரு பென்சிலோடு கொடுங்கள். சலித்த இடத்தில் கோடு, குற்றவாளியைக் கண்டுபிடித்த பக்கத்தில் நட்சத்திரம், அவ்வளவுதான் வேலை. எனக்கு வந்த முதல் பிரதியில் இருபதாம் பக்கத்திலேயே நட்சத்திரம். எப்படி என்று கேட்டேன். "அந்த பைண்டர் மாமாவோட கையை மட்டும்தான் நீங்க அஞ்சு வரி எழுதியிருக்கீங்க" என்றாள் அந்தச் சிறுமி. அதற்குப் பிறகு, கடைக்கு வரும் எல்லோருடைய கைகளையும் எழுதினேன். பைண்டர் இப்போது கூட்டத்தில் மறைந்துவிட்டார்.

கடைசியாக, நாவலுக்குப் பின்னால் அரைப்பக்கக் குறிப்பு ஒன்று சேர்த்துவிடுங்கள். எது நடந்தது, எது கற்பனை என்று பிரித்துச் சொல்ல வேண்டும், இந்த வயதினர் அதைக் கட்டாயம் கேட்பார்கள். என் குறிப்பு இப்படித் தொடங்குகிறது: தடை உண்மை. பறிமுதல் உண்மை. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி பேசியது உண்மை. அமாவாசை உண்மை. கடையும், சின்னம்மாவும், பையனும், பஞ்சாங்க அட்டைக்குள் இருந்த பாட்டுகளும் நான் வைத்தவை.